பார்த்துவிட்டுப் படுக்கப் போன ப்ராசஸ்: ஒரு பலகாரப் பட்டறையின் லேபிள் பெட்டி நின்றது ஏன்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாம் கட்டில் பலகாரப் பட்டறை நடக்கிறது. மகிழம்பூ முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மணக்கோலம், அதிரசம். ஆவணியிலும் தையிலும் கல்யாண ஆர்டர் வந்துவிட்டால் அடுப்பு அணைவதே இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் எடை, பேக் செய்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அச்சடித்த லேபிள் இருந்தாக வேண்டும். அந்த லேபிளை அடிக்கிற வேலை ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியுடையது. எஸ்.டி. கார்டிலிருந்து ஓடுகிற, கையளவு போர்டு ஒன்றும் யூ.எஸ்.பி. லேபிள் பிரிண்டர் ஒன்றும்தான். அதில் ஓடுவது எனக்கு முன்னால் யாரோ சி மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போன நானூறு வரி புரோகிராம்.

அந்தப் பெட்டி நிற்கத் தொடங்கியபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நின்ற காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, திருத்தியதிலேயே இன்னும் இரண்டு கோளாறு கிளம்பி, அவற்றையும் திருத்திய கதை இது. முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் சிக்னலுக்குக் காத்திருக்கும் நிரல் எழுதுகிற பலரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பாதிக் கதையைச் சொன்னால் முதல் பள்ளத்தைத் தாண்டி இரண்டாவதில் விழுவார்கள்.

முதலில் அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எடை போடுகிற மேசையிலிருந்து ஆர்டர்கள் ஒரு ஃபோல்டரில் ஃபைல்களாக வந்து விழும். தாய் ப்ராசஸ் (ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) ஒரு ஃபைலை எடுக்கும், ஃபோர்க்() போட்டு ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கும். பிள்ளை பிரிண்டரைத் திறந்து லேபிளை அனுப்பி, பிரிண்டர் முடித்துவிட்டதா என்று கேட்டு, வெளியேறிவிடும். இதற்கு ஒன்றரை வினாடி ஆகும். பிள்ளை வெளியேறியதும் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, தாய்க்கு சிக்சைல்ட் என்ற சிக்னலை, ஒரு சின்ன அறிவிப்பை, அனுப்பும். தாயின் சிக்னல் ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் குறுக்கே ஓடுகிற ஃபங்ஷன்) வெய்ட்பிட்() போட்டுப் பிள்ளையின் முடிவை வாங்கிக்கொண்டு, 'முடிந்தது' என்ற கொடியை 1 ஆக்கும். தாய் அடுத்த ஃபைலுக்குப் போகும். பிள்ளை தோற்றிருந்தால் அதே ஃபைலைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். காத்திருக்கும் இடம் மட்டும் இப்படி இருந்தது:

முடிந்தது = 0
ஃபோர்க்()
முடிந்தது 0 ஆக இருக்கும் வரை:
    பாஸ்()

பாஸ்() என்பது ஏதாவது ஒரு சிக்னல் வந்து அதன் ஹேண்ட்லர் ஓடி முடியும் வரை ப்ராசஸைத் தூங்க வைக்கிற சிஸ்டம் கால் (கெர்னலிடம் செய்யச் சொல்லிக் கேட்பது). பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. கொடியைப் பார், ஏறாவிட்டால் தூங்கு, சிக்னல் எழுப்பினால் மறுபடி கொடியைப் பார். நானும் முதல் தடவை படித்தபோது இந்த நான்கு வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

நோய்க்குறி இதுதான். மாதத்துக்கு ஒரு தடவை போல, லேபிள் வருவது நின்றுவிடும். புரோகிராம் செத்துப்போகவில்லை, பட்டியலில் இருக்கிறது. சி.பி.யூ. பயன்பாடு சைபர். ஃபோல்டரில் ஆர்டர்கள் குவிந்துகொண்டே இருக்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிற கோளாறை யாரும் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் இதில் கெட்ட பகுதி. ஆறேழு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் இருபது பெட்டி லேபிள் இல்லாமல் கட்டிக் கிடந்து, எதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டி வந்ததும்தான் எனக்குப் போன் வந்தது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்று லாக் வரிகளைச் சேர்த்தேன். பாஸ்()-க்கு நேர் மேலே 'காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி. கரண்ட் போனாலும் லாக் அழியக்கூடாது என்று ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எஃப்சிங்க்() போட்டு எஸ்.டி. கார்டில் எழுத வைத்தேன். அதை நிறுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாதம் ஒரு தடவை நின்றுகொண்டிருந்தது, மறுநாளே இரண்டு தடவை நின்றது.

காரணத்தின் வாலைப் பிடித்துக் கொடுத்தவர் அந்தப் பட்டறையை நடத்துகிற ஆச்சிதான். கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர், ஆனால் எது எப்போது நடக்கிறது என்பதில் கண் தப்பாது. "தம்பி, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பேப்பர் சுருள் மாத்தும்போதுதான் இது தூங்கிருது" என்றார். "எப்பவுமா ஆச்சி?" என்று கேட்டேன். "நீங்க வந்து என்னமோ செஞ்சிட்டுப் போனதுக்கப்புறம் எப்பவும்தான். முன்னாடி எப்பவாச்சும்."

அந்த இரண்டு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது.

சுருள் மாற்றும்போது அவர்கள் பிரிண்டரை அணைத்துவிடுவார்கள். அணைத்தால் யூ.எஸ்.பி.யில் அந்தச் சாதன ஃபைலே மறைந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஆர்டர் வந்தால், பிள்ளை ப்ராசஸ் பிரிண்டரைத் திறக்கப் பார்த்து, இல்லை என்று தெரிந்து, உடனே தோல்வியோடு வெளியேறும். ஒன்றரை வினாடி ஆகிற வேலை ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். அதாவது சிக்சைல்ட் மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. சீக்கிரம் வருகிற சிக்னல்தான் தாயை நிறுத்திவிடுகிறது.

சரி, மறுபடி நிற்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நாமே நிறுத்தலாம். பிரிண்டரை அணைத்தேன், ஒரு ஆர்டர் போட்டேன், நின்றது. ஓடுகிற ப்ராசஸில், அது போடும் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸை ஒட்டிப் பார்த்தால் ஒரே வரி, பாஸ்() என்று தொடங்கி முடியாமல் நிற்கிறது. கெர்னல் தன் விவரங்களைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தேன். நிலுவையில் இருக்கும் சிக்னல் எதுவும் இல்லை. தடுத்து வைத்த சிக்னல் எதுவும் இல்லை. ஹேண்ட்லர் வைத்திருக்கும் சிக்னல்கள் என்ற வரியில் 10000 என்ற பதினாறடிமான (ஹெக்ஸ்) எண். பதினேழாவது பிட், அதாவது 17ஆம் எண் சிக்னல், சிக்சைல்ட். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிள்ளை ப்ராசஸ் ஜாம்பியாகக்கூட, அதாவது செத்தும் முடிவை யாரும் வாங்காமல் பட்டியலில் கிடப்பதாகக்கூட, இல்லை, ஹேண்ட்லர் அதை வாங்கி முடித்துவிட்டது. அப்புறம் ஜிடிபி என்ற டீபக்கரை ஒட்டி 'முடிந்தது' கொடியின் மதிப்பைக் கேட்டேன். 1.

கொடி 1. ஆனால் தாய் பாஸ்()-இல் தூங்குகிறது. கொடி 0 ஆக இருந்தால் மட்டுமே போக வேண்டிய இடம் அது.

உறுதிப்படுத்த ஒன்று செய்தேன். கமாண்ட் வரியிலிருந்து அந்த ப்ராசஸுக்கு நானே கில் -17 அனுப்பினேன். பொய்யான சிக்சைல்ட். தாய் விழித்தது, கொடியைப் பார்த்தது, 1 என்று கண்டது, எதுவும் நடக்காததுபோல் அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டது. அதற்கு வேண்டியிருந்தது எழுப்புகிற ஒரு தட்டு மட்டும்தான். வந்த தட்டு ஏற்கெனவே வீணாகிவிட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை அந்த வீட்டை வைத்தே ஆச்சியின் மகனுக்குச் சொன்னேன், அதையே இங்கேயும் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். தபால்காரர் வருவார் என்று காத்திருக்கிறீர்கள். முகப்புக்குப் போய்ப் பார்க்கிறீர்கள், தபால் இல்லை. சரி, மணி அடித்தால் எழுந்து வரலாம் என்று வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்னால் போய்ப் படுக்கிறீர்கள். நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே தபால்காரர் வந்து, ஒரே ஒரு தடவை மணி அடித்து, தபாலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மணி அடித்தபோது நீங்கள் விழித்துத்தான் இருந்தீர்கள், ஆகவே அது யாரையும் எழுப்பவில்லை. இப்போது படுத்துக்கொண்டு, இனி அடிக்கப் போகாத மணிக்காகக் காத்திருக்கிறீர்கள். தபால் முகப்பில் கிடக்கிறது.

முகப்பில் பார்ப்பது கொடியைச் சோதிக்கும் வரி. படுப்பது பாஸ்(). நடுவில் நடக்கிற தூரம் பழைய புரோகிராமில் சில கட்டளைகள் மட்டுமே, மைக்ரோ வினாடிக் கணக்கு. பிள்ளை சரியாக அந்த இடைவெளியில் செத்தால்தான் தாய் மாட்டும். அதனால்தான் மாதம் ஒரு தடவை. நான் அந்த இடைவெளிக்குள் எஸ்.டி. கார்டில் எழுதி முடியும் வரை நிற்கிற ஒரு எஃப்சிங்க்()-ஐக் கொண்டுபோய் வைத்தேன். அது பத்துப் பத்து மில்லி வினாடிகளாக, சில சமயம் அதற்கும் மேலாக இழுக்கும். ஒரு மில்லி வினாடியில் தோற்கிற பிள்ளை இனி எப்போதுமே அதற்குள் விழும். எப்போதாவது வந்த கோளாறு எப்போதும் வருகிற கோளாறு ஆனது அப்படித்தான். ஒழுங்காக அச்சடிக்கிற பிள்ளைக்கு ஒன்றரை வினாடி ஆவதால் அதற்குள் தாய் நிம்மதியாகப் படுத்திருக்கும். மணி கேட்டு எழுந்துவிடும். அதனால் மற்ற நேரமெல்லாம் எதுவும் தெரியவில்லை.

இதை நான் ஒளிக்கவில்லை, அந்த லாக் வரியால் ஒரு நாள் வேலை அவர்களுக்குக் கெட்டது. ஆனால் அது இல்லாமல் இந்தக் கோளாறை இன்னும் ஒரு வருடம் துரத்தியிருப்பேன் என்பதும் உண்மை.

திருத்தம் போடும் வரை பட்டறை ஓட வேண்டுமே என்று அன்றைக்கு பாஸ்()-ஐ எடுத்துவிட்டு ஸ்லீப்(1) வைத்தேன். சிக்னல் வந்தால் ஸ்லீப் பாதியிலேயே எழும். தவறிப்போனாலும் ஒரு வினாடியில் தானாக எழுந்து கொடியைப் பார்க்கும். பட்டறை ஓடியது. இதையே நிரந்தரமாக விட்டுவிடலாமே என்று ஆச்சியின் மகன் கேட்டார், நியாயமான கேள்வி. லேபிள் பெட்டிக்கு அது போதும்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது, அதன் விலையை ஒரு வினாடியாகக் குறைத்திருக்கிறோம், அவ்வளவே. அடுத்து இந்த நிரலைத் தொடுகிறவர் அந்த ஸ்லீப்பை வீண் என்று நினைத்து எடுத்துவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அடுத்து தோன்றுகிற யோசனை, தடுப்பது. சிக்ப்ராக்மாஸ்க்() என்ற கால் மூலம் ஒரு சிக்னலைத் தடுத்து வைக்கலாம். தடுத்த சிக்னல் தொலையாது, கெர்னல் அதை நிலுவையில் வைத்திருக்கும், தடையை எடுத்ததும் கொடுக்கும். அப்படியானால் சிக்சைல்டைத் தடு, கொடியைப் பார், தடையை எடு, பாஸ்(). என் நண்பர் ஒருவர் இதைத்தான் சொன்னார், எழுதிப் பார்த்தால் ஒரு நிமிடம் சரி என்றுகூடத் தோன்றும். கவனித்துப் பாருங்கள், தடையை எடுத்த கணத்தில் நிலுவைச் சிக்னல் வந்து ஹேண்ட்லர் ஓடிவிடும், அதற்கு அப்புறம்தான் பாஸ்(). இடைவெளி மறையவில்லை, ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது.

தடையை எடுப்பதும் தூங்குவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும், நடுவில் எதுவும் நுழைய முடியாமல். நிரல் எழுதுகிறவரால் இதைச் செய்யவே முடியாது. எவ்வளவு வேகமாக எழுதினாலும் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு இடம் இருக்கும். கெர்னல்தான் செய்து தர வேண்டும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் சிக்பாஸ்() என்ற பெயரில் இதைக் கொடுத்தது. யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான 1988-இன் பாசிக்ஸ் தரம் அதை சிக்சஸ்பெண்ட்() ஆக்கியது. அதற்கு ஒரு சிக்னல் மாஸ்க்கை (எந்தெந்த சிக்னலைத் தடுப்பது என்ற பட்டியலை) கொடுக்கிறோம். அது அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது, இரண்டும் ஒரே அடியில். சிக்னல் ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் தூங்காமலே ஹேண்ட்லரை ஓட்டிவிட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது பழைய மாஸ்க்கை மறுபடி போட்டுவிடுகிறது. எப்போதும் -1 தான் திருப்பும், பிழை எண் ஈஇன்டர் என்றிருக்கும். அதைப் பிழை என்று எண்ணிப் புரோகிராமை நிறுத்துகிற நிரலையும் பார்த்திருக்கிறேன். அது பிழை இல்லை, வேலை முடிந்ததற்கான அடையாளம்.

சிக்சைல்டைத் தடு, பழைய மாஸ்க்கை எடுத்துவை
முடிந்தது = 0
ஃபோர்க்()
முடிந்தது 0 ஆக இருக்கும் வரை:
    சிக்சஸ்பெண்ட்(பழைய மாஸ்க்)
பழைய மாஸ்க்கைத் திரும்பப் போடு

தடுப்பதை ஃபோர்க்()-க்கு முன்னாலேயே வைத்திருக்கிறேன். கொடிக்கு மட்டும் என்றால் சோதனைக்கு முன்னால் தடுத்தால் போதும். ஆனால் பிள்ளையின் ப்ராசஸ் எண்ணான பிஐடியைத் தாய் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால், குறிப்பதற்கு முன்பே பிள்ளை செத்து ஹேண்ட்லர் ஓடிவிடக் கூடாது.

ஹேண்ட்லரையும் துடைத்தேன். உள்ளே எஃப்பிரிண்ட்எஃப்() போட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தது. ஹேண்ட்லர் எந்த இடத்தில் வேண்டுமானாலும் குறுக்கே வரும், மெயின் நிரல் நினைவகம் ஒதுக்கும் மல்லாக்()-இன் பூட்டையோ அச்சிடும் பஃபரின் பூட்டையோ பிடித்திருக்கும்போதும் வரும். ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்டால் இரண்டும் சேர்ந்து அங்கேயே நிற்கும். அதை எடுத்துவிட்டேன். கொடியை வொலட்டைல் சிக்_அடாமிக்_டி என்று அறிவித்தேன், இல்லாவிட்டால் கம்பைலருக்கு அதை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு மாறியதையே கவனிக்காமல் விட உரிமை உண்டு. உள்ளே நுழையும்போது, கடைசிப் பிழை எண் இருக்கும் எர்னோவை எடுத்துவைத்து வெளியேறும்போது திரும்ப வைத்தேன்.

சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கோளாறில் 'ஒரு வாரம் ஓட்டினேன், நிற்கவில்லை' என்பது சோதனையே இல்லை. பழைய நிரலும் பல வாரங்கள் நிற்காமல்தான் ஓடியது. இடைவெளியை வேண்டுமென்றே அகலப்படுத்தினேன். கொடியைச் சோதிக்கும் வரிக்கும் தூங்கும் வரிக்கும் நடுவே 200 மில்லி வினாடித் தாமதம் வைத்து, பிறந்ததும் சாகிற பிள்ளையை ஓட்டினேன். பழைய நிரல் முதல் முறையே நின்றது. சிக்சஸ்பெண்ட்() போட்டது, அதே தாமதத்தோடு, நிற்கவில்லை. தாமதத்தை 2 வினாடி ஆக்கினாலும் நிற்கவில்லை. எவ்வளவு அகலமாக இழுத்தாலும் நிற்காது என்றால்தான் இடைவெளி மூடியிருக்கிறது என்று நம்பலாம்.

இரண்டாவது கோளாறு

பெட்டி ஒழுங்காக ஓடியதும் இன்னொரு பிரிண்டர் வாங்கினார்கள், அட்டைப் பெட்டி மேல் ஒட்டுகிற பெரிய லேபிளுக்கு. ஒரு ஆர்டருக்கு இரண்டு பிள்ளைகள். கொடிக்குப் பதிலாக எண்ணிக்கை; ஹேண்ட்லர் ஒவ்வொரு தடவையும் வெய்ட்பிட்() போட்டு எண்ணிக்கையில் ஒன்று கூட்டும், தாய் இரண்டு ஆகும் வரை காத்திருக்கும். இரண்டாம் நாள் நின்றது.

இந்தத் தடவை ஜாம்பி இருந்தது. பட்டியலில் ஒரு பிள்ளை செத்தது என்ற குறியோடு கிடந்தது, எண்ணிக்கை 1. இதற்குக் காரணம், சிக்சைல்ட் போன்ற சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. நிலுவை என்பது கெர்னலில் சிக்னலுக்கு ஒரு பிட், எண்ணிக்கை இல்லை. வந்தவர் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். இரண்டாமவர் வரும்போது கோடு ஏற்கெனவே இருக்கிறது, அவரும் அதே கோட்டின் மேல்தான் போடுவார். கோட்டைப் பார்க்கிறவருக்கு யாரோ வந்தார்கள் என்று தெரியும், எத்தனை பேர் என்று தெரியாது. இரண்டு பிள்ளைகள் நெருக்கமாகச் செத்தால் ஹேண்ட்லர் ஒரே தடவை ஓடலாம். என் முதல் திருத்தம் இதை இன்னும் அதிகமாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்: தடுத்து வைத்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் செத்தால் நிச்சயமாக ஒரே சிக்னல்தான்.

ஆகவே சிக்சைல்ட் வந்தால் 'ஒரு பிள்ளை முடிந்தது' என்று படிக்கக் கூடாது, 'போய்ப் பார்' என்று மட்டும்தான் படிக்க வேண்டும். வெய்ட்பிட்()-ஐ காத்திருக்காமல் உடனே திரும்பச் சொல்லும் டபிள்யூநோஹேங் என்ற குறியோடு, இனி யாரும் இல்லை என்று அது சொல்லும் வரை சுற்றில் போட வேண்டும். ஒரு வரி மாற்றம்தான். ரியல்டைம் சிக்னல்கள் வரிசையில் நிற்கும், ஆனால் பிள்ளை செத்ததைச் சொல்ல கெர்னல் வழக்கமாக அனுப்புவது சிக்சைல்ட்தான், ஆகவே அந்த வழியை நான் நாடவில்லை.

மூன்றாவது

இதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. பேப்பர் சிக்கிக்கொண்டால் பிள்ளை பிரிண்டரின் பதிலுக்காக முடிவில்லாமல் நிற்கும். அதற்காக 20 வினாடி பார்த்துவிட்டு, தாய் அந்தப் பிள்ளைக்கு, வெளியேறச் சொல்லும் சிக்னலான சிக்டெர்மை அனுப்பிக் கொல்லும். இந்தக் காலக்கெடு பழைய நிரலில் இல்லை, திருத்தத்தோடு நான் சேர்த்தது. ஆனால் பிள்ளை சாகவில்லை. சிக்டெர்ம் போகிறது, பிள்ளை அசையவில்லை.

அந்தப் பிள்ளையின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்ததும் விளங்கியது. தடுத்த சிக்னல்கள் 14000. நிலுவையில் இருப்பவை 4000. பதினாறடிமானத்தில் 4000 என்பது 15ஆம் எண், சிக்டெர்ம். 14000 என்பது அதோடு சேர்ந்த சிக்சைல்ட். பெட்டியை நிறுத்தச் சொல்லி சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அனுப்புகிற சிக்டெர்மையும் இடைவெளி இல்லாமல் பிடிக்க வேண்டும் என்று நான் இரண்டையும் சேர்த்து ஃபோர்க்()-க்கு முன்னால் தடுத்திருந்தேன். சிக்னல் மாஸ்க் பிள்ளைக்கு அப்படியே போகும். ஃபோர்க்()-இல் போகும், வேறு புரோகிராமாக மாறுகிற எக்ஸெக்()-இலும் போகும். தாய் காதைப் பொத்திக்கொண்டு பெற்ற பிள்ளை, காதைப் பொத்திக்கொண்டே பிறந்திருக்கிறது. செத்துப் போ என்று சொல்வதும் அதற்குக் கேட்கவில்லை.

பிள்ளையில் முதல் வேலையாக மாஸ்க்கைப் பழையபடி ஆக்கினேன். அதிலும் வரிசை முக்கியம். ஹேண்ட்லர்களும் ஃபோர்க்()-இல் கூடவே வரும், எக்ஸெக்() போட்டால்தான் இயல்பு நிலைக்குப் போகும். இந்தப் பிள்ளை எக்ஸெக்() போடுவதில்லை. ஆகவே சிக்டெர்ம் வந்தால் தாயின் ஹேண்ட்லர் பிள்ளைக்குள் ஓடி, பிள்ளையின் நகலில் இருக்கிற கொடியை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடும். முதலில் ஹேண்ட்லரை இயல்புக்கு மாற்று, அப்புறம் தடையை எடு. மாற்றிச் செய்தால் நடுவில் மறுபடி ஒரு சின்ன இடைவெளி.

இந்த மூன்றும் முடிந்த பிறகு நிரலை ஒரு தடவை முழுதாகப் படித்தேன், பிடிக்கவில்லை. சிக்சஸ்பெண்ட்()-இல் காலக்கெடு வைக்க வழி இல்லை, அதனால் 20 வினாடிக்கு அலாரம்() வைத்து இன்னொரு சிக்னல், இன்னொரு ஹேண்ட்லர், இன்னொரு கொடி. ஹேண்ட்லர் என்பதே வேண்டாம் என்று முடிவு செய்து சிக்டைம்டுவெயிட்()-க்கு மாறினேன். சிக்சைல்டும் சிக்டெர்மும் எப்போதும் தடுத்தே இருக்கும். தாய் 'இந்த இரண்டில் ஒன்றைக் கொடு, இல்லாவிட்டால் 20 வினாடியில் திரும்பு' என்று கேட்கும். வந்த சிக்னலின் எண் சாதாரண ஃபங்ஷன் பதில்போல் கையில் வரும். குறுக்கே எதுவும் ஓடாது, ஆகவே உள்ளே எஃப்பிரிண்ட்எஃப்()-ஐக்கூடத் தாராளமாகப் போடலாம். பிள்ளைகளை எண்ணுவது, மாஸ்க்கைப் பிள்ளையில் திருப்புவது, இரண்டும் முன்போலவே. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: முதல் பிள்ளை 12 வினாடியில் முடிந்தால் இரண்டாவதற்கு மீதி 8 வினாடிதான், மறுபடி 20 இல்லை. மீதியை, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பண்ணினேன், சுவர்க் கடிகார நேரத்தை வைத்து அல்ல. அந்தப் பெட்டி நெட் கிடைத்ததும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், அப்போது கணக்கு குதித்துவிடும்.

நான் எடுத்தது ஒரு வழி. சாக்கெட்டுகளுக்கும் சிக்னலுக்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டிய சர்வர் என்றால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கணினி விஞ்ஞானி டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் பெயரோடு சொல்லப்படுகிற பழைய உத்தி ஒன்று உண்டு: ப்ராசஸ் தனக்குத் தானே ஒரு பைப் வைத்துக்கொண்டு, ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் எழுத, மெயின் சுற்று, பல ஃபைல்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் செலக்ட்()-இல் அந்தப் பைப்பையும் பார்க்கும். பைட் பைப்பிலேயே தங்கிவிடுவதால் தட்டு வீணாகாது. பைப்பின் இரு முனையையும் நான்-பிளாக்கிங் (காத்து நிற்காமல் உடனே திரும்புவது) ஆக்க மறந்தால், பைப் நிறைந்த அன்று ஹேண்ட்லருக்குள்ளேயே ப்ராசஸ் மாட்டிக்கொள்ளும். பிசெலக்ட்() இருக்கிறது, அது சிக்சஸ்பெண்ட்()-ஐயும் செலக்ட்()-ஐயும் ஒன்றாக்கியது. ஆனால் லினக்ஸ் கெர்னலில் அது உண்மையாக வந்தது 2006-இல், 2.6.16 பதிப்பில். அதற்கு முன் சி லைப்ரரி அதை மாஸ்க், செலக்ட், மாஸ்க் என்று மூன்று கால்களாக நடித்துக்கொண்டிருந்தது. எதை அடைக்க அது உருவானதோ அதே இடைவெளியோடு! 2007-இல் 2.6.22 பதிப்போடு சிக்னல்எஃப்டி() வந்தது, சிக்னலை ஃபைல்போல் படிக்கலாம். சாதாரண சிக்னல்கள் ஒன்றாகிப் போவது அதிலும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2019-இன் 5.3 பதிப்பிலிருந்து பிஐடிஎஃப்டி இருக்கிறது, குறிப்பிட்ட பிள்ளை முடிந்ததா என்று அதன் கைப்பிடியையே செலக்ட்() போன்ற போல்()-இல் பார்க்கலாம், சிக்னலே தேவைப்படாது. பிள்ளைகளுக்கு மட்டும் காத்திருக்க எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். அந்தப் பெட்டியின் கெர்னல் அதைவிடப் பழையது, பட்டறை ஓடிக்கொண்டிருக்கும்போது கெர்னலை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

புது நிரலை வைத்த அன்று தை மாத ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி பிரிண்டரை அணைத்துவிட்டு, பழைய சுருளை எடுத்துப் புதுச் சுருளைப் போட்டார். அதற்குள் எடை மேசையிலிருந்து நான்கு ஆர்டர் வந்து விழுந்திருந்தது. லாக்கில் நான்குக்கும் தோல்வி, மறுபடி முயல்வேன் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. மூடியைச் சாத்தி பட்டனை அழுத்தினார். முதல் லேபிள் வந்தது. கையில் வாங்கித் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.